இருபத்திரண்டாவது ஆட்டம்

சிறுபிள்ளைகளுக்கு எழுதிய கதைப் புத்தகத்தை, நாற்பது வயதைக் கடந்த ஒருத்தி, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது நின்றுகொண்டே படித்துச் சிரித்தால் வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? என் மாமியார் நினைத்ததை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துலதான் நாள் பூரா பிள்ளைங்க புஸ்தகம். வீட்டுக்கு வந்துமா?"

நான் பதில் சொல்லவில்லை. குழம்பு அடி பிடித்துவிட்டது என்பதுதான் அன்றைக்குக் கிடைத்த பதில்.

அந்தப் புத்தகம் ஆலிஸ் என்ற சிறுமியின் கதை. முயல் வளைக்குள் விழுந்து விந்தை உலகத்துக்குப் போய் வரும் கதை. உங்களில் பலர் சினிமாவாகவோ கார்ட்டூனாகவோ பார்த்திருப்பீர்கள். எழுதியவர் லூயிஸ் கரோல். அது புனைபெயர். சொந்தப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த ஆசிரியர். பேசும்போது கொஞ்சம் திக்குவார். 1862 ஜூலை 4ஆம் தேதி, ஒரு நண்பரோடும் மூன்று சிறுமிகளோடும் தேம்ஸ் ஆற்றில் படகில் போனபோது, பொழுது போக வாய்க்கு வந்தபடி சொன்ன கதை இது. அந்தச் சிறுமிகளில் நடுப்பெண்ணின் பெயர்தான் ஆலிஸ். அவளுக்கு அப்போது 10 வயது. கதையை எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டதால் தம் கைப்படவே எழுதி, படமும் வரைந்து, 1864இல் அவளிடம் கொடுத்தார். மறுவருடம் 1865இல் அது விரிவாக அச்சில் வந்தது.

நான் இதை முதலில் படித்தது புகுமுக வகுப்பில் இருந்தபோது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிது. ஆங்கிலம் அரைகுறை. பள்ளி நூலகத்தில் படம் போட்டிருக்கிறதே என்று எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பெண் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. சட்டம் என்னவென்று யாரும் சொல்லித் தருவதில்லை. தப்பு செய்தால் மட்டும் அதட்டுகிறார்கள். புதுப்பள்ளியில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். பாதியில் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் பட்டணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே கதை கண்ணில் பட்டது. மூன்று வெள்ளிக்கு வாங்கி வந்தேன். இந்த முறை பயம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. குறிப்பாக ஒரு கட்டம்.

இராணி ஒரு பந்தாட்டம் நடத்துகிறாள். வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் மரச்சுத்தியலால் மரப்பந்தை அடித்து, சிறு வளைவுகளுக்குள்ளே ஓட விடும் ஆட்டம் அது. விந்தை உலகில் பந்து உயிருள்ள முள்ளெலி. அடிக்கும் மட்டை உயிருள்ள பூநாரை. வளைவுகள், குனிந்து கைகளைத் தரையில் ஊன்றி நிற்கும் சிப்பாய்கள். ஆலிஸ் பூநாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் கழுத்தை நேராக்கி, அடிக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்து அது கழுத்தைத் திருப்பி அவள் முகத்தையே ஒன்றும் புரியாமல் பார்க்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொங்குகிறது. மறுபடி கழுத்தைச் சரிசெய்தால், சுருண்டு கிடந்த முள்ளெலி விரிந்து நடக்கத் தொடங்கிவிட்டது. அதையும் பிடித்து வைத்தால், வளைவாக நின்ற சிப்பாய் எழுந்து வேறு பக்கம் போய்விட்டான். யார் முறை என்பதே கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். இராணியோ நிமிடத்துக்கு ஒருவர் தலையை வெட்டச் சொல்லிக் கத்துகிறாள்.

கையெழுத்துப் பிரதியில் மட்டையாக இருந்தது தீக்கோழி. அச்சுக்குப் போகும்போது அதைப் பூநாரையாக மாற்றியிருக்கிறார். மட்டை எவ்வளவு உதவாத மட்டையாக இருக்க வேண்டும் என்று அந்தக் கணித ஆசிரியர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் பாருங்கள்!

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சாஃப்ட்பால் குழுவுக்கு ஓர் ஆள் குறைந்தது. என்னை இழுத்துவிட்டார்கள். பந்து பிடிப்பேன், ஓடுவேன். ஆனால் மட்டையைக் கையில் எடுத்தால் காற்றைத்தான் அடிப்பேன். "நீ விசிறி போடுற, பிள்ளே" என்பாள் என் தோழி. என் மட்டையும் ஒரு பூநாரையாகத்தான் இருந்தது.

ஆடத் தெரியாவிட்டாலும் அந்த ஆட்டத்தின் மேல் ஆசை மட்டும் விடவில்லை. அதன் மூத்த அண்ணனான பேஸ்பாலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் இதைப் பைத்தியமாக ஆடுகிறார்கள். அங்கே எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகமான பந்து கையை விட்டால், அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். பந்தும் உருண்டை, மட்டையும் உருண்டை. பத்து முறை அடிக்கப் போய் மூன்று முறை சரியாக அடித்தால் அவன் நல்ல ஆட்டக்காரன். பத்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு பருவம் முழுவதும் அடித்தவர் கடைசியாக 1941இல் டெட் வில்லியம்ஸ் என்பவர். அதற்குப் பிறகு பெரிய லீகுகள் இரண்டிலும் இத்தனை வருடமாக யாரும் இல்லை.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த குழு, ஜெயித்த குழு அல்ல. தோற்ற குழு. 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ்.

முதல் ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே 12க்கு 0 என்று தோற்றார்கள். அடுத்ததும் தோல்வி. ஆறு ஆட்டம் தோற்றதும் பயிற்றுநரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகள் அதே குழுவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அனுப்பிவிட்ட பிறகும் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கத்தானே வேண்டும்! புதிதாக வந்தவர் பிராங்க் ராபின்சன், ஒரு காலத்தில் அதே ஊருக்காக அடித்து நொறுக்கிய மனிதர். 1975இல், பெரிய லீகில் ஒரு குழுவை நடத்திய முதல் கறுப்பினத்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் வந்தும் தோல்வி நிற்கவில்லை. பருவத் தொடக்கத்தில் தொடர்ந்து தோற்றதற்கு அதுவரை இருந்த கணக்கு 13. இவர்கள் அதைத் தாண்டினார்கள். 15, 18, 20, 21. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ஓட்டம் எடுக்கவே திணறினார்கள். குழுவில் பேர்பெற்ற மட்டையாளர்கள் இருந்தார்கள். இருந்தும் அடி விழவில்லை. ஊர் வானொலியில் ஓர் அறிவிப்பாளர், குழு ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டுப் போகமாட்டேன் என்று சபதம் எடுத்துவிட்டு, பத்து நாளுக்கு மேல் அங்கேயே கிடந்தார்.

ஏப்ரல் 29ஆம் தேதி, இருபத்திரண்டாவது ஆட்டம். சிகாகோவில் 9க்கு 0 என்று ஜெயித்தார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது சினிமாக் கதை. அடுத்த இரண்டு ஆட்டத்தையும் மறுபடி தோற்றார்கள். ஒன்று வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அன்று மே 2. விளையாட்டரங்கில் 50,000 பேருக்கு மேல் வந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள். ஜெயித்துவிட்டு வந்தவர்களுக்குக் கூட்டம் கூடுவது உலக வழக்கம். 23 ஆட்டம் தோற்றுவிட்டு வந்தவர்களுக்குக் கூட்டம் கூடியதைப் படித்தபோது என் கண் கலங்கியது.

அந்தப் பருவம் முடிந்தபோது அவர்கள் தோற்றது 107. ஆனால் மறுவருடம் 1989இல் 87 ஆட்டம் ஜெயித்து, தங்கள் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு வந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நான்தான், போன தவணையில் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். சொல்வதெழுதுதல் வைத்தால் இருபது சொல்லுக்கு இரண்டு, மூன்று, சில சமயம் ஒன்று. நான் மதிப்பெண்ணை வகுப்பில் வாசிப்பேன். அவன் பெயர் வரும்போது பிள்ளைகள் முன்கூட்டியே சிரிப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையில் எழுதினேன்: 'முயற்சி போதாது.' இரண்டே சொல். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மூத்தவ படிச்சுக் காட்டினா. முயற்சி போதாதுன்னு எழுதியிருக்கீங்களாம். அவன் ராத்திரி பத்து மணி வரைக்கும் எழுதிக்கிட்டு இருக்கான் டீச்சர். நான்தான் வெளக்க அணைச்சிட்டுப் படுடான்னு சொல்றேன். வரலைன்னு எழுதுங்க. மண்டையில ஏறலைன்னு எழுதுங்க. முயற்சி இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க."

நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. வெளியே அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்து போன சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆலிஸ் புத்தகத்தை எடுத்தேன். அதே பந்தாட்டக் கட்டம். இந்த முறை சிரிப்பு வரவில்லை. பூநாரையைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டாடும் பிள்ளையை ஒவ்வொரு நாளும் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் ஆலிஸின் பக்கத்தில் நிற்கவில்லை. சிவப்பு மையோடு இராணியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வயதில் படித்தபோது எனக்குத் தெரிந்தது பயந்த பிள்ளை மட்டும்தான். இப்போது தெரிந்தது கத்துகிற பெரியவள். கதையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: இராணி தலையை வெட்டச் சொன்ன யாருக்கும் உண்மையில் தலை போவதில்லை. எல்லாம் வெறும் சத்தம். ஆனால் அது கதையில். வகுப்பில் நாம் போடும் சத்தத்துக்குப் பிள்ளையின் தலை குனிந்துதான் போகிறது.

படுத்துக்கொண்டே பேஸ்பால் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1968இல் ஒரு குழு மட்டுமல்ல, அமெரிக்காவின் பெரிய லீகுகள் இரண்டிலும் அடி விழாமல் போயிற்று. எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆயிரத்துக்கு 237தான். ஒரு லீகில் முதல் பரிசு வாங்கிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்ததே ஆயிரத்துக்கு 301. அத்தனை குறைவாக அடித்து அந்தப் பரிசு வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அப்போது பெரியவர்கள் கூடி என்ன செய்தார்கள் தெரியுமா? அடிப்பவர்களுக்கு முயற்சி போதாது என்று எழுதவில்லை. எறிபவர் நிற்கும் மண்மேட்டை அளந்து பார்த்தார்கள். 15 அங்குல உயரம். மேலே நின்று கீழே எறிந்தால் பந்துக்கு வேகமும் சரிவும் கூடும். 1969இல் அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பந்து எந்த எல்லைக்குள் வரவேண்டும் என்பதையும் கொஞ்சம் சுருக்கினார்கள். அந்த வருடம் ஆயிரத்துக்கு 237 என்பது 248 ஆயிற்று. 60 அடி 6 அங்குல தூரத்தையோ பந்தையோ யாரும் தொடவில்லை. மேட்டைத்தான் வெட்டினார்கள்.

என் மேடு எத்தனை அங்குலம்?

மறுநாள் ஓய்வுநேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய ஏடுகளைப் புரட்டினேன். முதல் முறையாக, எத்தனை தப்பு என்று பார்க்காமல் என்ன தப்பு என்று பார்த்தேன். எழுத்தெல்லாம் தெரிகிறது. லகர, ளகர, ழகரம் மூன்றும் அவன் காதுக்கு ஒன்று. றகர ரகரமும் அப்படியே. நான் ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு முறை, வேகமாக, வகுப்பின் மூலையில் நின்று சொல்லியிருக்கிறேன். பாதிச் சொற்கள் அவன் லயத்தில் ஒரு நாளும் காதில் விழாதவை. தெரியாத சொல்லை, கேட்காத ஓசையில், திரும்பக் கேட்க முடியாத வேகத்தில் எறிந்துவிட்டு, அடிக்கவில்லை என்று எழுதிவிட்டேன்.

இருபது சொல்லைப் பத்தாக்கினேன். முதல் நாளே சொற்களைச் சொல்லிவிடுவேன். வாயை அவர்கள் பார்க்கும்படி முன்னால் நின்று, மூன்று முறை நிறுத்திச் சொல்வேன். பத்தில் இரண்டு சொல்லைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டு வரவேண்டும். மதிப்பெண்ணை வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "தரத்தைக் குறைக்கிறீங்களே அக்கா, பரீட்சையில் மூன்று முறை யார் சொல்வாங்க?" நான் மேட்டுக் கதையைச் சொன்னேன். தூரத்தைக் குறைக்கவில்லை தங்கச்சி, மேட்டை மட்டும்தான் என்றேன். எல்லாருக்கும் பரிசு என்று கொடுப்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆலிஸ் கதையிலேயே அப்படி ஓர் ஓட்டப்பந்தயம் வருகிறது. அவரவர் விரும்பியபோது ஓடலாம், விரும்பியபோது நிற்கலாம், கடைசியில் எல்லாரும் ஜெயித்ததாக அறிவிப்பு. பரிசுக்கான மிட்டாயை ஆலிஸ்தான் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கிடைக்கும் பரிசோ, அவளிடமிருந்தே வாங்கித் திருப்பிக் கொடுத்த அவளுடைய சொந்தத் தையல் விரல்கூடு! பொய்ப் பரிசு எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

புது முறையில் முதல் நாள் அந்தப் பையன் பத்துக்கு மூன்று எழுதினான். அன்று வகுப்பில் ஓரியோல்ஸ் கதையைச் சொன்னேன். மட்டை என்றால் என்ன, மேடு என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று தோல்விகளை எண்ணச் சொன்னேன். பிள்ளைகள் கூட்டாக எண்ணினார்கள். பதினைந்து வந்தபோது சிரித்தார்கள். இருபது வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்திரண்டாவது ஆட்டத்தில் வகுப்பே கைதட்டியது. அந்தக் கணக்கு பழங்கதை அல்ல என்பதையும் சொன்னேன்: 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் என்ற குழுவும் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றது. அந்தப் பருவத்தின் 162 ஆட்டத்தில் 121ஐத் தோற்றது. அதன் பிறகும் மறுவருடம் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஏட்டின் பின்பக்கத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

சில வாரம் போயிற்று. பத்துக்கு மூன்று, நான்கு, மறுபடி மூன்று, ஒரு நாள் ஐந்து. பிறகு ஒரு நாள் இரண்டு. ஏட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகம் வாடியிருக்க வேண்டும். அவனே எனக்குச் சமாதானம் சொன்னான்.

"பரவால்ல டீச்சர். எனக்கு இது பதினாலாவதுதான். இன்னும் இருபத்தொண்ணு ஆகல."

ஏட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். வரிசையாகப் பதினாலு கோடு. ஆறுக்குக் குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு என்று அவனாகவே ஒரு விதி வைத்திருக்கிறான்.

அவன் இன்னும் வகுப்பில் கடைசி வரிசை மதிப்பெண்தான் வாங்குகிறான். ஆறு இன்னும் வரவில்லை. ழகரம் இன்னும் அவனை ஏமாற்றுகிறது. ஆனால் ஏடு கொடுக்கும்போது தலையைக் குனிவதில்லை. எத்தனையாவது கோடு என்று பக்கத்துப் பையன்கள் அக்கறையாகக் கேட்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லலாமா? உங்கள் பிள்ளையின் அறிக்கையில் இரண்டு சொல்லில் ஏதாவது எழுதி வந்தால், அந்த அம்மாவைப் போல ஒரு நடை பள்ளிக்கு வாருங்கள். வேலை உடுப்போடு வந்தாலும் பரவாயில்லை. நாங்கள் நிற்கும் மேடு எவ்வளவு உயரம் என்பது மேலே நிற்கும் எங்களுக்குத் தெரிவதில்லை. கீழே இருந்து பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தவணை அறிக்கையை நேற்று எழுதி முடித்தேன். அவன் பெயருக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: 'நன்றாக முயற்சி செய்கிறான். நானும் செய்கிறேன்.'

மூத்தவள் படித்துக் காட்டுவாள்.